பெயர் வாசிக்கும் நாள்

நோத்ர-டாம்-த-கிரேஸ்
05.08.2025

மதிப்புக்குரிய இணைத்தலைவர் திரு. பேனாட் அவர்களுக்கு,

ஒப்பந்தத்தின் நாலாம் பிரிவின்படி இதை எழுதுகிறேன். மன்ற விஷயம் எதையும் தொலைபேசியில் பேசக்கூடாது, தலைவர்கள் இருவரும் கைப்பட எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பதிந்த நொத்தாரிசுக்கு முன்னால் பிடிவாதமாக நின்றது நீங்கள். பேசியதைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பிய அனுபவம் இரண்டு பக்கத்துக்கும் இருப்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் தட்டச்சு செய்தால் என்ன குறை என்பது இன்னும் விளங்கவில்லை. இருபத்தேழு வருஷம் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் நின்ற விரல்கள் இவை. பேனை பிடித்தால் வலிக்கிறது.

இனி விஷயம். ஒளிச்சுடர்த் தமிழ் மன்றம் உடைந்து பத்தொன்பது வருஷம். எங்கள் இயக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மன்றம், உங்கள் இயக்கத்தில் இருந்தவர்கள் அதே பெயரில் இன்னொரு மன்றம். வழக்கு முடியும்வரை மண்டபத்துக்குப் பூட்டு. நாட்டிலே சண்டை ஓய்ந்து பதினாறு வருஷமாகிறது, நாங்கள் ஓயவில்லை. சென்ற சனிக்கிழமை நீங்களும் நானும் வைத்த கையொப்பத்தோடு அது முடிய வேண்டும். நிர்வாகத்தில் எங்கள் இருவரையும் தவிர உங்கள் ஆட்கள் ஐந்து, எங்கள் ஆட்கள் ஐந்து. செயலாளர்களும் இரண்டு பேர்: உங்கள் பக்கம் றெக்ஸ், எங்கள் பக்கம் றஜிந்தன். இரண்டு தலைவர்களின் கையொப்பமும் இல்லாமல் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக் கரும்பலகைக்கு ஒரு வெண்கட்டி கூட வாங்க முடியாது.

நவம்பர் 15ஆம் திகதி நினைவுக்கூட்டம். பதினோராம் பிரிவின்படி ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டும். பதவி இல்லை, பட்டம் இல்லை, எப்படி இறந்தார் என்ற விளக்கமும் இல்லை. வெறும் பெயர். இதைச் செயலாளர்களிடம் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். இந்த வயதில் மேடையில் நின்று நாங்கள் தடுமாறத் தேவையில்லை.

இப்படிக்கு,
த. சண்முகலிங்கம்


லொங்குய்ய்
12.08.2025

இணைத்தலைவர் ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆகா, என்ன எழுத்து! அச்சில் வார்த்த மாதிரி. விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கம் நிரப்பியிருக்கிறீர்கள். என்னுடையதைப் பாருங்கள், கோழி கிண்டின மாதிரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டினவனுக்கு இவ்வளவு காணும்.

செயலாளர்கள் வாசிப்பது சரிவராது. றெக்ஸ் வாசித்தால் உங்கள் ஆட்களின் பெயர்களைக் கடித்துத் துப்புவான். றஜிந்தன் என்ன செய்வான் என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட, நான் இந்த ஒப்பந்தத்துக்கு வந்ததே அந்த ஒரு பிரிவுக்காகத்தான். மண்டபமும் வேண்டாம், வெண்கட்டியும் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

என் தம்பி செபமாலை. பத்தொன்பது வயது. 1986 வைகாசியில், உங்கள் இயக்கம் எங்களைத் தேடித் தேடி வேட்டையாடின கிழமை, சந்தி மின்கம்பத்தில் அவனைக் கட்டி வைத்துச் சுட்டார்கள். கழுத்தில் ‘துரோகி’ என்று எழுதின ஒரு கடுதாசி மட்டை. உடம்பை அவிழ்க்கக் கூடாது என்று காவல் போட்டதால் அம்மா ஒரு பகல் முழுக்க அங்கேயே காகம் கலைத்துக்கொண்டு நின்றா. அவ போயும் பதினாலு வருஷம்.

அந்த மட்டை தொங்கின இடத்தில் அவனுடைய பெயர் வர வேண்டும். உங்கள் பக்கத்து வாய் அதைச் சொல்ல வேண்டும். றஜிந்தன் அப்போது பிறக்கவே இல்லை, அவன் சொல்லி என்ன, விட்டு என்ன? நீங்கள் அந்த நேரம் அந்தப் பகுதியில் இருந்தவர். நீங்கள்தான் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத்தை நானே கிழிப்பேன், சிசிலி சாட்சி.

சிசிலி என் மனைவி. அவவின் கையால் ஒரு தேத்தண்ணி குடித்தால் நீங்கள் எங்கள் பக்கம் வந்துவிடுவீர்கள், கவனம்.

பேனாட்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
29.08.2025

மதிப்புக்குரிய பேனாட் அவர்களுக்கு,

சம்மதிக்கிறேன். உங்கள் பக்கத்துப் பெயர்களை நானே வாசிப்பேன், எங்கள் பக்கத்துப் பெயர்களை நீங்கள் வாசியுங்கள். எங்கள் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன், இருபத்துமூன்று பேர்.

றஜிந்தனிடம் சொன்னேன். முகம் கறுத்துப் போய்விட்டது. “துரோகிக்கும் தியாகிக்கும் ஒரே மெழுகுதிரியோ அண்ணை? நீங்கள் அந்தப் பேரை வாசிச்சால் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் மண்டபத்துக்குள்ளை கால் வைக்கமாட்டினம்,” என்றான்.

“கதைக்கிறதை யோசிச்சுக் கதை,” என்றேன்.

“யோசிக்கவேண்டியது நீங்கள்,” என்று எழும்பிப் போய்விட்டான். அவனுக்கு இந்த ஊரில் தமிழ் எழுதப் பழக்கினவன் நான்.

அன்று தொடங்கி வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. விளம்பரக்காரர் என்கிறாள் என் மகள் ஆர்த்திகா. விளம்பரக்காரர் ஒருநாளும் பேசாமல் இருக்க மாட்டார்கள். அவளைப் பயப்படுத்த வேண்டாம் என்று நானும் ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. நான் அந்த நேரம் அந்தப் பகுதியில் இருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னது யார்?

சண்முகலிங்கம்


லொங்குய்ய்
16.09.2025

சண்முகலிங்கம் அவர்களுக்கு,

எங்கள் பட்டியல் இத்துடன் வருகிறது. பதினேழு பேர். தம்பி ஒன்பதாவது. உங்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். முழுக்க வாசிக்கவில்லை, பிறகு வாசிப்பேன்.

சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைக் கண்டீர்களா? வந்து பத்து நிமிஷத்தில் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஒன்றாகிவிட்டார்கள். பெற்றோர்தான் கல்யாண வீட்டில் சம்பந்தப் பகுதிகள் இருக்கிற மாதிரி மண்டபத்தின் இரண்டு பக்கமும் பிரிந்திருந்தார்கள். உங்கள் பக்கத்து மனுசி ஒருத்தி சிசிலியிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டாவாம். பத்தொன்பது வருஷத்தில் இரண்டு பக்கமும் பேசின முதல் பேச்சு அதுதான். சிரிக்காதீர்கள், அதுவும் ஒரு முன்னேற்றம்.

ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் என் காரின் நாலு டயரும் தரையோடு கிடக்கின்றன. ஒன்றென்றால் ஆணி. நாலும் என்றால் ஆள். றெக்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தம்பி பெரிசு பேனாட் அண்ணை. எங்களுக்கு இயக்கம் பெரிசு,” என்றான். டயரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உங்கள் கேள்விக்கு என்ன சொல்ல? ஊருக்குத் தெரியாததா?

பேனாட்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
02.10.2025

திரு. பேனாட்,

தபால்காரர்களின் வேலைநிறுத்தம் என்பதால் இதைக் கஜந்தினியின் கடையில் கொடுத்து விடுகிறேன். மீன் வாங்க நீங்கள் அங்கேதான் வருவீர்கள்.

அந்தக் கடைக் கதவில், வழக்கமாக மரண அறிவித்தல் ஒட்டுகிற இடத்தில், மூன்று நாளாக என் படம் இருந்தது. கறுப்புக் கரை போட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ‘தோற்றம்: 22.04.1964. மறைவு: 15.11.2025.’ பிறந்த திகதி சரி. மற்றதற்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.

திகதியை ஒருவரும் வாசிக்கவில்லை. படத்தைக் கண்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று சோறும் மரக்கறியும் சட்டியோடு கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்கள். கதவைத் திறந்தது நான். ஒரு அம்மா என்னைக் கண்டு கத்தரிக்காய்க் குழம்பைக் கீழே போட்டுவிட்டா. நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் ஆர்த்திகா அந்தத் திகதியில் விரல் வைத்துக் காட்டினாள்.

கஜந்தினியிடம் அதைக் கிழிக்கச் சொன்னேன். “அந்தியேட்டிச் சடங்கு முடியாமல் நோட்டீஸ் கிழிக்கிறேல்லை அண்ணை. கடைக்குக் கூடாதெண்டு அம்மா சொல்லுறவ,” என்றாள்.

“பிள்ளை, நான் உயிரோடை உனக்கு முன்னாலை நிக்கிறன்.”

“அதுதான் அண்ணை, எனக்கு என்ன செய்யிறதெண்டு விளங்கேல்லை.”

கடைசியில் என் மரண அறிவித்தலை நானே கிழித்தேன். இது உங்கள் ஆட்களின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு ஒரே மகள். பதவியிலிருந்து விலகுகிறேன். வேறு யாரையாவது வைத்து வாசியுங்கள்.

சண்முகலிங்கம்


லொங்குய்ய்
08.10.2025

சண்முகலிங்கம் அவர்களுக்கு,

அதை அச்சடித்த டினோஜன் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். “ரெண்டு பேர் வந்தவை. ஒருத்தர் படம் தந்தவர், மற்றவர் வசனம் சொன்னவர். மறைவுத் திகதி பிழையெல்லோ எண்டு நான் கேட்டனான். ‘பிழையில்லை, அப்பிடியே அடியுங்கோ’ எண்டவை.”

படம் ஆர்த்திகாவின் கல்யாணத்தில் எடுத்தது. அதைக் கொடுத்தது உங்கள் றஜிந்தன். வசனம் எங்கள் றெக்ஸ். இரண்டு பேரும் ஒரே காரில் வந்து ஒரே காரில் போனார்களாம். பத்தொன்பது வருஷமாக ஒரு மேசையில் இருந்து பச்சைத் தண்ணி குடிக்காதவர்கள். எங்களுக்கு நொத்தாரிசும் பதினாறு பிரிவும் தேவைப்பட்டது, அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் காணுமாக இருந்தது. நான் உண்மையாகவே பயந்துபோனேன்.

ஆனால் நீங்கள் விலக முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

கைப்பட எழுத வேண்டும் என்று நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று கேட்டீர்கள். அந்த மட்டை என்னிடம் இருக்கிறது. அம்மா அதை ஒரு சேலைக்குள் சுற்றி வைத்திருந்தா, அவ போன பிறகு எனக்கு வந்தது. அவ்வளவு வடிவான எழுத்து. ஒருவனைக் கொல்லப் போகிற நேரத்தில் இவ்வளவு பொறுமையாக எழுதினவன் யார் என்று முப்பத்தொன்பது வருஷம் யோசித்தேன். உங்கள் இயக்கத்தில் அந்தப் பகுதியில் நின்ற ஐந்தாறு பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் எழுத்தையும் எப்படியோ பார்த்துவிட்டேன். உங்களுடையது மட்டும் கிடைக்கவில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று சிசிலியைக் கூப்பிட்டு இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தேன். அவ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. மட்டை என்னிடம் இருப்பது றெக்ஸுக்குத் தெரியும், கை யாருடையது என்பது தெரியாது. இப்போது சொல்லுங்கள், விலகுகிறீர்களா?

பேனாட்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
17.10.2025

பேனாட்,

நான்தான்.

முகாமில் வடிவாக எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர். நோட்டீஸ், பதாகை எல்லாம் என் கையால்தான். அன்று காலையில் ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையையும் கறுப்பு மையையும் தந்து ஒரு சொல் எழுதச் சொன்னார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் தள்ளி வைத்து, எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். எத்தனையோ செய்தேன், ஆனால் தள்ளி வைத்துப் பார்த்ததுதான் என்னை இன்றுவரைக்கும் தின்கிறது.

பிறகு கயிறு கட்டவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். “இறுக்கிக் கட்டாதையுங்கோ அண்ணை, கை நோகுது,” என்றான் உங்கள் தம்பி. கொஞ்சம் தளர்த்தினேன். சுட்டது நான் இல்லை. அது பெரிய வித்தியாசம் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விலகவில்லை. வாசிப்பேன். அவனுடைய பெயரோடு இதையும் சபையில் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1990இல் அகதி விண்ணப்பத்தில் நான் ரியூசன் வாத்தியார் என்றுதான் எழுதினேன், இயக்கத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. சபையில் சொன்னால் அது மண்டபத்தோடு நிற்காது.

சண்முகலிங்கம்


லொங்குய்ய்
24.10.2025

சண்முகலிங்கம்,

கடிதத்தைப் பிரித்து வாசித்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். உங்களைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. தம்பி கடைசியாகப் பேசின பேச்சு என்னவென்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. அதை எனக்குத் தர உங்களால் மட்டும்தான் முடிந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் விடக் கேடு.

சொல்லுங்கள். எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள். சிசிலி வேண்டாம் என்கிறா. “உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது, காணாதோ? ஊருக்கு ஏன்?” என்று கேட்கிறா. காணாது. அந்த மின்கம்பம் வீட்டுக்குப் பின்னால் இருக்கவில்லை, எல்லோரும் பார்க்கத்தானே சந்தியில் இருந்தது.

உங்களுக்கு என்ன வரும் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

பதினைந்தாம் திகதி மூன்று மணிக்கு உங்கள் வாசலுக்குக் கார் கொண்டு வருவேன். நாங்களும் ஒரே காரில் போய் இறங்குவோம்.

பேனாட்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
19.11.2025

பேனாட் அவர்களுக்கு,

என் மறைவுத் திகதி தாண்டி நாலு நாள். இன்னும் இருக்கிறேன்.

அன்று போகும்போதும் வரும்போதும் காருக்குள் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். மண்டபத்துக்குள் வராமல் வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டு என் கால் பின்னால் இழுத்தது உண்மை. அறுபது எழுபது பேர் இருக்கும். உங்கள் ஆட்கள் யார், எங்கள் ஆட்கள் யார் என்று பிரித்தறிய முடியாமல் பனிச்சேற்றுக்குள் தோளோடு தோள் நின்றார்கள். வழி விட்டார்கள். பிரேதம் கொண்டுபோகும்போது அப்படித்தான் வழி விடுவார்கள்.

உள்ளே இருநூறு கதிரை, நாற்பத்தொரு பேர். எண்ணிப் பார்த்தேன். முன்வரிசையில் றெக்ஸ் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி இருந்தான். ஒன்பதாவதாக உங்கள் தம்பியின் பெயரை வாசித்தேன். பிறகு மட்டையையும் கயிற்றையும் பற்றிச் சொன்னேன். யாராவது கத்துவார்கள், எதையாவது எறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். றெக்ஸ் மட்டும் தொலைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தான். நீங்கள் என்னைப் பார்க்காமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மிச்சம் எட்டுப் பெயரை எப்படி வாசித்தேன் என்று ஞாபகமில்லை.

அதன் பிறகு எங்கள் பெயர்களை நீங்கள் வாசித்தீர்கள். பதினோராவது பெயரில் நின்றுவிட்டீர்கள். குகதாசன். தண்ணி குடித்தீர்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு மிக மெதுவாக அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, மற்றவற்றை ஓட்டமாக முடித்தீர்கள்.

குகதாசன் என் உயிர்ச் சிநேகிதன். 1987 மாசி மாதம் சலூனில் சவரம் செய்துகொண்டிருந்தவனை உங்கள் ஆட்கள் வெளியே இழுத்துச் சுட்டார்கள். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காயாமல் இருந்தது. அவன் அங்கே வருவது எப்படித் தெரிந்தது என்று நாங்கள் தேடினோம். சலூன்காரரைப் பிடித்து இரண்டு நாள் விசாரித்தோம். தெரியாது, தெரியாது என்றுதான் கடைசிவரை சொன்னார். அவரும் வீடு திரும்பவில்லை.

அந்தப் பெயரில் ஏன் நின்றீர்கள்?

சண்முகலிங்கம்


லொங்குய்ய்
14.01.2026

சண்முகலிங்கம்,

நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு எனக்கும் ஒரு அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது. உங்களுக்கு வந்ததை ஆர்த்திகா சிசிலிக்குச் சொல்லி அழுதாவாம். நீங்கள் மேடையில் பேசியதை றெக்ஸ் குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறான், ஒவ்வொரு சொல்லையும் றஜிந்தன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறான். பெப்ரவரி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டவுன்டவுனில் ஒரு அலுவலகத்துக்கு நான் சாட்சியாக வர வேண்டுமாம். மட்டையையும் உங்கள் கையெழுத்துக் கடிதங்களையும் கொண்டு வர வேண்டுமாம்.

மன்றத்தில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு எட்டியிருக்கும். அவசரக் கூட்டம் கூட்டி எங்கள் இருவரையும் நீக்கிவிட்டார்கள். பத்துப் பேரில் பத்துக் கையும் உயர்ந்ததாம். மன்றம் ஒன்றுபட்டுவிட்டது, நாங்கள் விரும்பினதும் அதுதானே!

எனக்கு வேண்டியது உண்மை மட்டும்தான், தண்டனை இல்லை என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். ஐப்பசியில் தண்டனையும்தான் கேட்டேன். இப்போது வேண்டாம். மட்டையை எரித்துவிடுகிறேன். தொலைந்துவிட்டது என்று சொல்கிறேன். அன்று எனக்குக் காது கேட்கவில்லை, நீங்கள் பேசியது விளங்கவில்லை என்று சொல்கிறேன். வேதாகமத்தில் கை வைத்துப் பொய் சொல்வதா என்று சிசிலி கேட்கவில்லை. அவவும் எரிக்கச் சொல்கிறா.

பேனாட்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
21.01.2026

பேனாட்,

எரிக்க வேண்டாம். உங்கள் அம்மா காத்து வைத்தது அது. எனக்காக அதை எரிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

என் குடியுரிமையைப் பறிக்கலாம், திருப்பி அனுப்பவும் கூடும் என்கிறார் சட்டத்தரணி. ஆர்த்திகா இரண்டு கிழமையாகச் சாப்பிடுகிறாளில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் பொய்யில் கட்டின முப்பத்தைந்து வருஷத்துக்கு இன்னொரு பொய்யால் முட்டுக் கொடுத்து, அதையும் நீங்கள் சுமக்க வேண்டாம். அவர்கள் கேட்பதற்கு உள்ளதைச் சொல்லுங்கள். மட்டையைக் கொடுங்கள், கடிதங்களையும் கொடுங்கள்.

நான் கேட்டதற்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவில்லை. குகதாசனின் பெயரில் ஏன் நின்றீர்கள்? உங்கள் கேள்வி எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன்.

சண்முகலிங்கம்


லொங்குய்ய்
01.02.2026

சண்முகலிங்கம்,

இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். உங்கள் பட்டியல் வந்த அன்றே அந்தப் பெயரைக் கண்டேன். முழுக்க வாசிக்கவில்லை என்று நான் எழுதியது அதனால்தான்.

அன்று சலூனில் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான். தம்பி போய் ஒன்பது மாதம். குகதாசன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அங்கே வருவான் என்று பார்த்து வைத்ததும் நான்தான். அவனுடைய முகத்தில் நுரை பூசினதும் நான் எழும்பி வெளியே போக வேண்டும். அதுதான் எங்களுக்குள் இருந்த அடையாளம். நான் எழும்பினேன். “பின்பக்கம் இன்னும் வெட்டேல்லைத் தம்பி, இருங்கோ,” என்றார் சலூன்காரர். நான் நிற்கவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பும்போது வெடிச்சத்தம் கேட்டது.

நீங்கள் அவரைப் பிடித்த செய்தி அன்றைக்கே எங்களுக்கு வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான். ஒரு துண்டுக் கடுதாசியில் இரண்டு வரி எழுதி யாரிடமாவது கொடுத்து விட்டிருக்கலாம், அவர் வீட்டுக்குப் போயிருப்பார். “ஒரு அப்பாவியைச் சுட்டால் சனம் அவங்களைத்தான் வெறுக்கும், விடு,” என்றார் எங்கள் பொறுப்பாளர். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த இரண்டு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன்.

இதை வைத்துக்கொண்டுதான் உங்களைச் சபையில் நிறுத்தினேன். நீங்கள் பேசும்போது நான் நிலத்தைப் பார்த்ததும் இதனால்தான். அடுத்த நிமிஷம் நானும் எழும்பிச் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

நேற்றுச் சிசிலியிடம் சொன்னேன். இன்னும் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் திகதி மட்டையையும் உங்கள் கடிதங்களையும் கொடுக்கும்போது இந்தக் கடிதத்தின் பிரதியையும் கொடுப்பேன். நானும் என் அகதி விண்ணப்பத்தில் மீன்பிடிகாரன் என்றுதான் எழுதியிருந்தேன். என்ன வருமோ வரட்டும். நீங்கள் அன்று என் முகத்தில் முழிக்க விரும்பாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

இன்று காலையில் இரண்டு பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். உங்கள் இருபத்துமூன்று, எங்கள் பதினேழு. அவர் ஒன்றிலும் இல்லை. கீழே எழுதிச் சேர்ப்போம் என்று பேனையை எடுத்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் அவரிடம்தான் தலைமயிர் வெட்டினேன், ஒருநாளும் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் சலூன்காரர்தான்.

நீங்கள் அவரை இரண்டு நாள் வைத்து விசாரித்தீர்கள். முதலில் பெயரைத்தான் கேட்டிருப்பீர்கள். தெரிந்தால் எழுதுங்கள்.

பேனாட்